காலி பண்றேன்னு சொன்னா வாடகை குறையுமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஐபிஎம், பஞ்ச் கார்டு, ஈ.பி. பில் எல்லாம் வரும். அலர்ஜி இருக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க :)

நான் பொட்டி தட்டுறது மெயின்ஃப்ரேம்ல. காலேஜ்ல படிச்சப்போ ஜாவா, பைத்தான்னு கனவு கண்டுட்டு இருந்தவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு கோபால் சொல்லிக் கொடுத்தாங்க. (கோபால்னதும் சரோஜாதேவி ஞாபகம் வந்தா உங்களுக்கு வயசாயிடுச்சு. இது கம்ப்யூட்டர் மொழி, 1959-ல பொறந்தது.) அப்பா பிறக்குறதுக்கு முன்னாடி வந்த மொழியில மகன் சம்பளம் வாங்குறான். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல "தம்பி எதுல வேலை?"னு கேட்டா "ஐடி"யோட நிறுத்திக்குவேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி எங்க ப்ராஜெக்ட்ல ஒரு பெரிய ஆணி வந்துச்சு. க்ளையண்ட் ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி. அவங்க மெயின்ஃப்ரேம்ல ராத்திரி ராத்திரி ஆயிரக்கணக்கான ஜாப் ஓடும். எது முன்னாடி, எது பின்னாடி, எது மாசக் கடைசியில மட்டும்னு பாத்து ஓட்டுறதுக்கு ஒரு ஷெட்யூலர் சாஃப்ட்வேர் இருக்கு. அதோட ஒப்பந்தம் முடியப் போகுது. புதுப்பிக்கணும்னா விலையை ஏத்தித்தான் தருவோம்னு அந்த வெண்டர் சொல்லிட்டான். பேர் சொல்ல மாட்டேன், எனக்கு வேலை வேணும். "அப்போ வேற வெண்டருக்கு மாறிடலாம், எவ்வளவு ஆகும்னு கணக்கு போட்டுக் கொடுங்க"னு க்ளையண்ட் கேட்க, ஒன்பது பேர் கொண்ட டீம் போட்டாங்க. கணக்கு போடுற பொறுப்பு என் தலையில.

அந்த சமயத்துல திருமழிசையில எங்க தெருவுல இருக்கிற ஒரு பெரியவர்கிட்ட இதைப் பத்திப் பேசிட்டு இருந்தேன். ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபதைத் தாண்டினவர். வேலைக்குச் சேர்ந்த புதுசுல கார்டு பஞ்ச் பண்ற செக்‌ஷன்ல இருந்தாராம். சாயங்காலம் ஜெகந்நாதப் பெருமாள் கோயில் பக்கம் நடக்கப் போறப்போ பிடிச்சுக்குவார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"மெஷின் வாடகையா, சொந்தமா தம்பி?"

"மெஷின் சொந்தம் சார். சாஃப்ட்வேர்தான் வாடகை."

சிரிச்சார். "எங்க காலத்துல மெஷின் வாடகை, சாஃப்ட்வேர் சும்மா. தலைகீழா மாத்திட்டானா?"

அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடல. எப்போ தலைகீழா மாறிச்சு, அப்போ நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுதான் இந்தப் பதிவு.

ஐபிஎம் 1401. 1959 அக்டோபர்ல அறிவிச்ச மெஷின். நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்து. இந்தப் பதிவை அதுல போட்டா மெஷின் மூச்சு திணறிடும். மாச வாடகை அமெரிக்காவுல 2,500 டாலர்ல ஆரம்பம். 1960-களோட நடுவுல உலகத்துல இருந்த கம்ப்யூட்டர்கள்ல கிட்டத்தட்ட பாதி இந்த வகைதான்னு ஐபிஎம்மே பெருமை பேசிக்குது.

அந்த வாடகையில ஒரு சங்கதி உண்டு. அமெரிக்காவுல மாச வாடகைன்னா 176 மணி நேர உபயோகத்துக்கு. அதாவது ஒரு ஷிஃப்ட். மெஷின்லயே மீட்டர் இருக்கும், ஆட்டோ மாதிரி. ரெண்டாவது ஷிஃப்ட் ஓட்டினா அதுக்குத் தனிக் காசு. ஆனா அதுமேல ஓடுற சாஃப்ட்வேர், சொல்லிக் கொடுக்க வர்ற ஆள், ரிப்பேர் பாக்குற இன்ஜினியர் எல்லாம் அந்த வாடகைக்குள்ளயே அடக்கம். வீட்டு ஓனர் தண்ணி, மெயின்டனன்ஸ், வாட்ச்மேன் எல்லாம் சேத்து ஒரே தொகை சொல்ற மாதிரி. கேக்க நல்லா இருக்கும். எதுக்கு எவ்வளவு குடுக்குறோம்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது.

நம்ம நாட்டுக்கு ஐபிஎம் வந்தது 1951-லயே. முதல்ல கார்டு மெஷின், டேபுலேட்டர். இந்தியாவுல வணிகத்துக்குன்னு வந்த முதல் கம்ப்யூட்டர் 1961-ல பம்பாய் எஸ்ஸோ எண்ணெய் கம்பெனியில வெச்ச 1401. அப்புறம் எல்.ஐ.சி., அப்புறம் ரயில்வே. 60-களோட பின்பாதியில ரயில்வே மண்டலத் தலைமையகங்களுக்கும் உற்பத்திக் கூடங்களுக்கும் 1401 வந்துச்சு. அதுல ஒண்ணு நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். சம்பளப் பட்டியல், ஸ்டோர்ஸ் கணக்கு, சரக்கு வருமானக் கணக்கு எல்லாம் கார்டுல குத்திக் குத்தி உள்ள போகும்.

கார்டு பத்திப் பெரியவர் சொன்னது ஒண்ணு. ட்ரே கீழ விழுந்தா ப்ரோக்ராம் காலி. அதனால அடுக்கி வெச்ச கார்டுக்கட்டோட மேல்பக்கத்துல பேனாவால கோணலா ஒரு கோடு இழுத்துடுவாங்களாம். கலைஞ்சுபோனா அந்தக் கோடு நேரா வர்ற வரைக்கும் அடுக்கணும். "அதான் எங்க பேக்கப்பு"ன்னார். நாங்க பேக்கப்புக்கு மாசம் எத்தனை லட்சம் குடுக்குறோம்னு சொன்னா சாருக்கு நெஞ்சு வலி வந்துடும்.

சரி, ஐபிஎம் இங்க எந்த மெஷினைக் குடுத்துச்சு? இங்கதான் வில்லங்கம். அமெரிக்காவுலயும் மத்த நாடுகள்லயும் வாடகை முடிஞ்சு திரும்பி வந்த பழைய 1401-களைப் பம்பாய்க்குக் கொண்டு வந்து, துடைச்சு, சரி பண்ணி, இங்க வாடகைக்கு விட்டாங்க. அங்க 1964-லயே சிஸ்டம்/360 வந்துடுச்சு. 1971-ல 1401 விற்பனையை நிறுத்திட்டாங்க. இங்க அதே 1401 70-கள்லயும் வாடகை சம்பாதிச்சுட்டு இருந்துச்சு. இதைத்தான் பாராளுமன்ற பொதுக் கணக்குக் குழு 1976-ல வந்த அறிக்கையில பிடி பிடின்னு பிடிச்சாங்க. அரசுத் துறைகள்ல கம்ப்யூட்டர் வாங்கினது பத்தின அறிக்கை அது. பழைய மெஷினைக் குறைஞ்ச விலைக்கு உள்ள கொண்டாந்து பெரிய வாடகைக்கு விட்டிருக்கீங்க, போட்ட காசை எப்பவோ எடுத்துட்டீங்கன்னு குற்றச்சாட்டு.

எனக்கு இதுல ஒரு கேள்வி. வாடகை அதிகம்னா காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே? அமெரிக்காவுல பண்ணினாங்க. 1963 டிசம்பர்ல ஹனிவெல் கம்பெனி 200-ன்னு ஒரு மெஷினை இறக்கிச்சு. கூடவே 'லிபரேட்டர்'னு ஒரு சாஃப்ட்வேர். விடுதலை தர்றவன்! 1401-க்கு எழுதின ப்ரோக்ராமை எடுத்து ஹனிவெல்லுக்கு மாத்திக் குடுக்கும். அறிவிச்ச சூட்டோட நூத்துக்கணக்குல ஆர்டர் குவிஞ்சுது. ஐபிஎம் ஆடிப்போச்சு. அப்புறம் வந்த 360-ல சின்ன மாடல்ல 1401 மாதிரியே நடிக்கிற எமுலேட்டரைச் சேத்து விட்டாங்க. "நீ எங்கயும் போக வேணாம்பா, உன் பழைய ப்ரோக்ராம் இங்கயே ஓடும்." கவனிங்க, சண்டை மெஷினுக்காக இல்ல. ஏற்கனவே எழுதி வெச்ச ப்ரோக்ராமுக்காக. வாடகைதாரன் கட்டிலையும் பீரோவையும் தூக்க முடியாமத்தான் அந்த வீட்லயே இருக்கான்.

இந்தியாவுல எந்த லிபரேட்டரும் இல்ல. இறக்குமதிக்கு அனுமதி வாங்கணும். 1970-ல எலக்ட்ரானிக்ஸ் துறை வந்தது, அடுத்த வருஷம் எம்.ஜி.கே. மேனன் தலைமையில எலக்ட்ரானிக்ஸ் கமிஷன். ஒரு கம்ப்யூட்டர் கேட்டு விண்ணப்பம் போட்டா ஃபைல் நகர்றதுக்குள்ள கேட்டவர் ரிட்டயர் ஆயிடுவார். ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். (1967-ல ஆரம்பிச்சது) டி.டி.சி. வரிசை மெஷின்களைச் செஞ்சுட்டு இருந்துச்சு. ஆனா அதுல 1401 ப்ரோக்ராம் அப்படியே ஓடாது. ஐபிஎம்முக்கும் தெரியும், நமக்கும் தெரியும்: இவன் எங்கயும் போக மாட்டான். அப்போ வாடகை எப்படிக் குறையும்?

இதுக்கு நடுவுல அமெரிக்காவுல இன்னொரு கூத்து. 1969 ஜனவரி 17-ஆம் தேதி ஐபிஎம் மேல அரசு ஏகபோக வழக்கு போட்டுச்சு. அதே வருஷம் ஜூன் 23-ல ஐபிஎம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு: இனிமே சாஃப்ட்வேர் தனி, மெஷின் தனி. பயிற்சிக்கும் கன்சல்டிங்குக்கும் தனி பில். இதுவரைக்கும் எல்லாம் சேத்து வாங்கினீங்களே, இப்போ சாஃப்ட்வேரைப் பிரிச்சதால மெஷின் விலையை எவ்வளவு குறைச்சீங்கன்னு கேட்டா... 3 சதவீதம். ஹோட்டல்ல "சாம்பாருக்குத் தனிக் காசு, ஆனா இட்லியில பத்து பைசா குறைச்சிருக்கோம்"னு போர்டு வெச்ச மாதிரி. பெரியவர் கேட்ட 'தலைகீழ்' அன்னைக்குத்தான் ஆரம்பிச்சது. சாஃப்ட்வேர்னு ஒரு தொழிலே அந்த அறிவிப்புலதான் நிமிர்ந்து உக்காந்துச்சு. நானும் நீங்களும் சோறு திங்கிறதுக்கு அது ஒரு காரணம்ங்கிறதையும் ஒத்துக்கணும்.

இனி 1978. இந்தக் கதையை நம்மாளுங்க ஒரே வரியில முடிச்சுடுவாங்க: "ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் ஐபிஎம்மையும் கோகோ கோலாவையும் விரட்டினார்." பாதிதான் உண்மை. ஃபெரா சட்டம் 1973-ல இந்திரா காந்தி ஆட்சியில வந்தது. வெளிநாட்டு கம்பெனி இங்க தொழில் பண்ணணும்னா பொதுவா தன் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கணும். பொதுக் கணக்குக் குழு அறிக்கையும் ஜனதா ஆட்சிக்கு முந்தினது. ஐபிஎம் உலகம் பூரா நூறு சதவீதம் சொந்தமாத்தான் நடத்துறோம், இந்தியாவுக்காக மாத்த முடியாதுன்னு நின்னுச்சு. சில மாற்று யோசனைகள் குடுத்துப் பாத்தாங்க, அரசு ஏத்துக்கல. 1977-ல ஜனதா வந்தது, ஜார்ஜ் தொழில் அமைச்சர் ஆனார், அவர் விட்டுக் குடுக்கல. நவம்பர்ல ஐபிஎம் கடையைக் கட்டுறோம்னு சொல்லிடுச்சு. 1978-ல போயிடுச்சு. இதே சட்டத்துக்கு பிரிட்டிஷ் கம்பெனி ஐ.சி.எல். பங்கைக் குறைச்சுட்டு இங்கயே இருந்துச்சு. பர்ரோஸ் டாட்டாவோட கூட்டு சேந்துடுச்சு. அதனால விரட்டினாங்கன்னு சொல்றதைவிட, ரெண்டு பேரும் இறங்கி வரல, ஒருத்தர் கிளம்பிட்டார்னு சொல்றதுதான் நியாயம்னு எனக்குப் படுது.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது அரசியல் இல்ல. வாடகைதாரன் காலி பண்ணல. வீட்டு ஓனர் ஊரை விட்டுப் போயிட்டான்! வீடு அப்படியே இருக்கு. மோட்டார் ரிப்பேர்னா யாரைக் கூப்பிடுறது?

திருமழிசைக்காரங்களுக்கு இது நல்லாவே புரியும். 2020 மே மாசம் கொரோனாவுக்காகக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை மூடி, எங்க ஊர்ல தற்காலிகமா தகரக் கொட்டகை போட்டுத் திறந்தாங்க. வியாபாரிக்கும் பிடிக்கல, வாங்குறவனுக்கும் பிடிக்கல. யாரும் விரும்பி மாறல. மழை பெஞ்சா முட்டி அளவு சேறு. செப்டம்பர்ல கோயம்பேடு மறுபடி திறந்ததும் அங்க போயிட்டாங்க. அந்த நாலு மாசமும் ஊருக்குக் காய் கிடைச்சதுன்னா கொட்டகையால இல்ல. எந்த லாரி எங்க நிக்கும், எந்த மூட்டை யாருக்குன்னு தெரிஞ்ச சுமை தூக்குறவங்களும் கணக்குப்பிள்ளைகளும் கூடவே வந்ததால.

1978-லயும் அதேதான் நடந்துச்சு. சி.எம்.சி.-ன்னு ஒரு அரசு நிறுவனம். விரிவா சொன்னா கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். ஐபிஎம் கிளம்புறதுக்கு முன்னாடியே, 1975 டிசம்பர்ல பதிவு பண்ணிட்டாங்க. பேர்லயே வேலை இருக்கு பாருங்க: கம்ப்யூட்டர் செய்யப் போறதில்ல, ஓடிட்டு இருக்கிறதை ஓட வைக்கிறது. ஐபிஎம் போனதும் நாடு பூரா 800-க்கும் மேற்பட்ட இடங்கள்ல இருந்த ஐபிஎம் மெஷின்களைப் பராமரிக்கிற பொறுப்பு இவங்ககிட்ட வந்துச்சு. ஐபிஎம்ல இருந்த இன்ஜினியர்கள் பலரே இதுல சேந்தாங்க. அதே ஆளு, அதே ஸ்க்ரூட்ரைவர், சட்டைப்பையில பேட்ஜ் மட்டும் வேற. ஐபிஎம்மோட டேட்டா சென்டர் தொழிலை முன்னாள் ஐபிஎம் ஊழியர்கள் சேந்து ஐ.டி.எம்.-ன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு எடுத்துக்கிட்டாங்க.

விளைவு? 1401 சாகல. 1980-கள்லயும் நம்ம ரயில்வேயில ஓடிச்சு. அமெரிக்காவுல மியூசியத்துல வெச்ச மெஷின்ல இங்க சம்பளப் பட்டியல் போட்டாங்க. "பின்தங்கிட்டோம்"னு சிலர் சொல்லுவாங்க. தப்பில்ல. 360, 370 காலத்துல நம்ம பெரும்பாலான இன்ஜினியர்களுக்கு அதுல கை வெக்க வாய்ப்பே கிடைக்கல. அந்த வகையில சென்னைக்கு அதிர்ஷ்டம், கிண்டி ஐ.ஐ.டி.-க்கு 1973-ல ஜெர்மனி உதவியில 370/155 வந்துச்சு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரே வெண்டரோட மெஷினை மட்டும் பாத்து வளராத ஆளுங்க உருவானாங்க. சி.எம்.சி. இன்ஜினியர் இன்னைக்கு ஐபிஎம், நாளைக்கு வேற பிராண்டு, நாளன்னைக்கு இன்னொண்ணுன்னு கை வெச்சாகணும். அந்த சி.எம்.சி.-தான் 1985-ல தில்லியில வாக்ஸ் மெஷின்ல ரயில் டிக்கெட் ரிசர்வேஷனை எழுதி ஓட்டுச்சு. தத்கால்ல காலை பத்து மணிக்கு சபிக்கிறோமே, அதோட கொள்ளுத்தாத்தா. ரிப்பேர் பாக்க ஆரம்பிச்ச கம்பெனி! 2001-ல டாட்டாகிட்ட போச்சு, 2015-ல டிசிஎஸ்ல கலந்துடுச்சு.

டிசிஎஸ்ன்னதும் இன்னொண்ணு. 1974-ல அவங்க பர்ரோஸ் மெஷின் ஒண்ணை இறக்குமதி பண்ணினாங்க, அதுக்கு ஈடா ஏற்றுமதி பண்றோம்னு உறுதி குடுத்து. அவங்க ஆரம்ப காலத்து வெளிநாட்டு வேலைகளைப் பாத்தா பெரும்பாலும் என்ன? ஒரு மெஷின்ல ஓடுற ப்ரோக்ராமை இன்னொரு மெஷினுக்கு மாத்திக் குடுக்கிறது. பர்ரோஸ்ல ஒரு ரகத்துல இருந்து இன்னொரு ரகத்துக்கு, அப்புறம் பர்ரோஸ்ல இருந்து ஐபிஎம்முக்கு. அதாவது வீடு மாறுறவனுக்கு மூட்டை கட்டிக் குடுக்கிற தொழில். ஹனிவெல்லோட லிபரேட்டர் மெஷின் பண்ணின வேலையை நம்மாளுங்க உக்காந்து கையால பண்ணினாங்க. 80-களோட கடைசியில டிசிஎஸ் சென்னையிலயே ஐபிஎம் 3090 வாங்கி வெச்சுது. 1992-ல ஐபிஎம்மே டாட்டாவோட கை கோத்துத் திரும்பி வந்துடுச்சு. ஓனர் ஊருக்கு வந்துட்டார்!

இப்போ என் ஆணிக்கு வர்றேன்.

இன்னைக்கு மெயின்ஃப்ரேம் சாஃப்ட்வேர் வாடகையைப் புரிஞ்சுக்க ஈ.பி. பில் தெரிஞ்சா போதும். திருமழிசை சிட்கோவுல உயர் மின்னழுத்த கனெக்‌ஷன் வெச்சிருக்கிற பட்டறைக்காரரைக் கேளுங்க. ஓடின யூனிட்டுக்கு மட்டும் பில் இல்ல. அந்த மாசத்துல எப்போ உச்சமா இழுத்தீங்களோ, அந்த மேக்சிமம் டிமாண்டுக்கும் தனியா கட்டணும். ஒருநாள் எல்லா மோட்டாரையும் ஒண்ணாப் போட்டீங்கன்னா மாசம் பூரா அதுக்கு அழணும். ஐபிஎம் 2000-ல கொண்டு வந்த திட்டமும் இதேதான். தொடர்ச்சியா நாலு மணி நேர சராசரியைப் பாத்துட்டே இருப்பான். மாசத்துல எந்த நாலு மணி நேரம் உச்சமோ, அதுக்கு மாச பில். 1401-ல 176 மணி நேர மீட்டர் வெச்ச அதே கை! மாசக் கடைசியில ஜாப் எல்லாம் ஒரே நேரத்துல முட்டினா பில் எகிறும். அதனால ஜாப்பைத் தள்ளி வைக்கிறது, பரப்பி வைக்கிறதுன்னு ராத்திரி ஷிஃப்ட்ல எத்தனையோ பேர் உக்காந்துட்டு இருக்கோம். 2019-ல வேற மாதிரி திட்டமும் கொண்டு வந்தாங்க, அது இப்போதைக்கு வேணாம், தலை சுத்தும்.

அது ஐபிஎம் சாஃப்ட்வேருக்கு. ஷெட்யூலர், டேப் நிர்வாகம், பாதுகாப்பு மாதிரி மூணாவது ஆள் விக்கிற சாஃப்ட்வேர்ல பல ஒப்பந்தங்கள் இன்னும் மோசம். மெஷின் எவ்வளவு பெருசோ அவ்வளவு வாடகை, நீங்க அதைத் தொட்டாலும் தொடலைன்னாலும். இந்தக் கடைகளையும் ஒருத்தரையொருத்தர் வாங்கிட்டே வந்தாங்க. கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் 90-கள்ல லெஜன்ட், பிளாட்டினம்னு முழுங்கிச்சு. கடைசியில அதையே 2018-ல ப்ராட்காம் 1,890 கோடி டாலருக்கு முழுங்கிச்சு. தெருவுல பத்து மளிகைக்கடை இருந்து ரெண்டாச்சுன்னா பருப்பு விலை என்ன ஆகும்?

மாறுறது எவ்வளவு பெரிய சமாச்சாரம்ங்கிறதுக்கு ஒரு வழக்கு இருக்கு. ஏ.டி. அண்ட் டி. கம்பெனியோட மெயின்ஃப்ரேமை நிர்வகிச்சது ஐபிஎம். அதுல ஓடினது பி.எம்.சி. கம்பெனி சாஃப்ட்வேர். "அங்க எங்க சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு உங்களோடதைப் போடக்கூடாது"ன்னு ஐபிஎம்மோட பி.எம்.சி. ஒப்பந்தம் போட்டிருந்துச்சு. ஆனா பதினாலு சாஃப்ட்வேர் மாறிடுச்சு. பி.எம்.சி. 2017-ல வழக்கு போட, 2022-ல ஹூஸ்டன் நீதிபதி ஐபிஎம் சுமார் 160 கோடி டாலர் குடுக்கணும்னார். 2024 ஏப்ரல்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு: மாறணும்னு ஏ.டி. அண்ட் டி.-க்கே சொந்தக் காரணங்கள் இருந்துச்சுன்னு. ஒரு வாடகைதாரன் தானா காலி பண்ணினானா, ஆள் வெச்சுக் காலி பண்ண வெச்சாங்களான்னு ஏழு வருஷச் சண்டை.

எங்க டீம் கணக்கு போட ஆறு மாசம் ஆச்சு. சும்மா ஜாப் எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டுக் குடுத்திருக்கலாம். ஆனா உள்ள போகப் போக, 80-கள்ல யாரோ அசெம்ப்ளர்ல எழுதி ஷெட்யூலருக்குள்ள சொருகி வெச்ச குட்டி ப்ரோக்ராம்கள் வந்துச்சு. சிலதுக்கு சோர்ஸே இல்ல. எழுதினவர் உயிரோட இருக்காரான்னும் தெரியல. வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும் ஓடுற ஜாப், லீவு நாள் பட்டியல் தப்பா இருந்தா ப்ரீமியம் ரெண்டு தடவை எடுக்கிற ஜாப். ஒவ்வொண்ணையும் குறிச்சேன். டீம்ல காண்ட்ராக்ட்ல வந்த ரெண்டு பேர்தான் அந்த அசெம்ப்ளரை பிரிச்சுப் படிச்சாங்க. அதுல ஒருத்தரும் நானும் தினம் பூந்தமல்லியில இருந்து ஒரே பைக்ல போவோம். கடைசியில தேதி வாரியா, ஆள் வாரியா, ரிஸ்க் வாரியா ஒரு திட்டம். என் வாழ்க்கையிலயே நான் ஒழுங்கா பண்ணின வேலைன்னா அதுதான். க்ளையண்ட் பாத்துட்டு "பிரமாதம்"னாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு மெயில் வந்துச்சு. பழைய வெண்டரோடயே மூணு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு, நல்ல டிஸ்கவுண்ட் கிடைச்சுது, டீமுக்கு நன்றி. பேச்சுவார்த்தை மேசையில வெண்டர்கிட்ட எங்க திட்டத்தைத்தான் காட்டியிருக்காங்க.

அப்பதான் ஆம்டால் கதையைப் படிச்சேன். ஜீன் ஆம்டால் 360-ஐ வடிவமைச்சவங்கள்ல முக்கியமானவர். 1970-ல ஐபிஎம்மை விட்டு வந்து, ஐபிஎம் சாஃப்ட்வேரே ஓடுற மாதிரி போட்டி மெஷின் செஞ்சார். 1975-ல முதல் மெஷின் நாசாவுக்குப் போச்சு. அவங்க கம்பெனி பேர் போட்ட காபி கப் ஒண்ணு உண்டு. ஐபிஎம் சேல்ஸ்மேன் வர்ற அன்னைக்கு அந்தக் கப்பை மேசை மேல சும்மா வெச்சா போதும், விலை தானா குறையும்னு மெயின்ஃப்ரேம் ஆளுங்க நடுவுல ஒரு கதை. மில்லியன் டாலர் கப்னு பேர். ஆம்டால் மெஷின் வாங்கணும்னே இல்ல, வாங்குவான்னு நம்பணும், அவ்வளவுதான்.

ஆறு மாசமா நாங்க ஒன்பது பேரும் அந்தக் கப்பாத்தான் இருந்திருக்கோம். நான் கணக்கை எவ்வளவு ஒழுங்கா போட்டேனோ, வெண்டர் அவ்வளவு நம்பியிருக்கான். ஏழு பேர் பெஞ்சுக்குப் போனோம். காண்ட்ராக்ட்ல இருந்த ரெண்டு பேருக்கு அந்த மாசத்தோட முடிஞ்சுது.

பெரியவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "1978-ல எங்களுக்கு அந்த மாதிரி ஒரு கப்பு கூட இல்லப்பா"ன்னார். அப்புறம், "அந்த ரெண்டு பசங்க என்ன ஆனாங்க?"

விசாரிச்சேன். பைக்ல வருவார்னு சொன்னேனே, அவருக்கு நாலு மாசம் கழிச்சு அம்பத்தூர் பக்கம் வேற கம்பெனியில கிடைச்சுடுச்சு. போன வாரம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில பாத்தேன். என்ன வேலைன்னு கேட்டேன். ஷெட்யூலர் மைக்ரேஷன்னார்.

"நெஜமாவே மாத்துறாங்களா?"

"அதை யாருங்க நம்மகிட்ட சொல்லப் போறாங்க?"ன்னு டீ கிளாஸை வெச்சுட்டுக் கிளம்பிட்டார்.